நீ தேநீர் ஊற்றப் போன கூட்டம்

தம்பி, நீ இதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னைக் கெஞ்சியும் வெருட்டியும் கூட்டிக்கொண்டு போனதில் கிடைத்தது அவ்வளவுதான். ஆனாலும் நான் நீளமாகவே எழுதப் போகிறேன். வெலிங்டனில் போய் இறங்கி, அந்த ஊர்க் காற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கும் மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாசி. அம்மா பக்கத்தில் இருந்து அலட்டுவது போலவே இருக்கும். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செபமாலை அண்ணை விடாமல் போன் எடுத்துக்கொண்டிருந்தார். மீன் குழம்பு வைப்பது எப்படி என்று எழுதுவதாகத்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் உன்னைப் பற்றித்தான் வருகிறது. ஊர் முழுக்க வாசிக்கப் போகிறதே என்று வெட்கப்படாதே. உன்னை முகத்துக்கு நேரே நான் ஒருநாளும் பாராட்டியதில்லை. கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். இப்போது நீ போகிறாய், எனக்கும் வயதாகிறது, இனிப் பட்டால் படட்டும்.

உனக்கு அரசாங்க வேலை கிடைத்தது என்றதும் நாங்கள் இருக்கும் இந்த மாசிப் பகுதி முழுவதும் சொல்லித் திரிந்தேன். என்ன வேலை என்று நீ விளக்கிய பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். பெரிய நாடுகள் சேர்ந்த ஓர் இராணுவக் கூட்டணியில் நியூசிலாந்தும் சேரலாமா என்று யோசிக்கிறார்கள், முடிவெடுக்க முதல் சனங்களுக்கு அவரவர் மொழியில் விளக்கிச் சொல்லி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு மேலே அனுப்ப வேண்டும், தமிழ் ஆட்களுக்குச் சொல்வது உன் பொறுப்பு என்றாய். எனக்கு இராணுவம் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. எந்தப் படையும் வாசலில் வந்து நின்று உன்னைக் கேட்காத நாட்டில் நீ வளர வேண்டும் என்றுதானே உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கே வந்தோம். மன்னாரில் கணக்கு வாத்தியாராக இருந்த உன் அப்பா புக்கெகோஹித் தோட்டங்களில் வெங்காயம் பொதி செய்தது அதற்காகத்தானே. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "துவக்குத் தூக்கிற வேலை இல்லை அம்மா, பேப்பர் தூக்கிற வேலை" என்று சிரித்தாய். எங்கள் அனுபவத்தில் பேப்பர்தான் முதலில் வரும், துவக்கு அதற்குப் பின்னால் வரும். அதைச் சொன்னால் நீ சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் நீ எழுதிய துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாய். வாசித்துவிட்டு, அதைப் பார்க்காமல், என் சொந்தச் சொற்களில் உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றாய். அச்சடிக்க முதல் இப்படிச் சாதாரண ஆட்கள் சிலரிடம் சொல்லிக் கேட்பதுதான் உங்கள் வேலைமுறையாம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தேன். நல்ல தமிழ். கூட்டணி என்றால் என்ன, சேர்ந்தால் என்ன நன்மை என்று சொல்கிறார்கள், சேர்ந்தால் என்ன ஆபத்து என்று சொல்கிறார்கள், எல்லாம் தெளிவாக இருந்தது. வாசித்து முடித்து, "சண்டை வரப்போகுது, கொஞ்சம் சாமான் வாங்கி வைக்கச் சொல்லுது அரசாங்கம்" என்றேன். நீ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாய். அப்படி எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டாய். எந்த வரியிலும் இல்லைத்தான். ஆனால் அரசாங்கம் வீடு தேடி வந்து இராணுவத்தைப் பற்றி மரியாதையாகக் கதைத்தால் அதற்கு அர்த்தம் அதுதான் என்று நான் சொன்னேன். அப்பா அன்று பின்னேரமே போய் அரிசி மூட்டையும் பற்றரியும் மெழுகுதிரியும் வாங்கிவந்து கராஜில் அடுக்கிவிட்டார். அந்த அரிசியைத்தான் இன்னும் சாப்பிடுகிறோம்.

வேறு யாராவது என்றால் கிழடுகளுக்கு விளக்கமில்லை என்று விட்டிருப்பார்கள். நீ கொப்பியையும் பேனையையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று என்னைக் கேட்டாய். அதுவரை உனக்குச் சொல்லாத கதைகளை அன்று சொன்னேன். வானத்திலிருந்து இராணுவத்தின் துண்டுப்பிரசுரம் விழுந்த நாட்களைச் சொன்னேன். வயலிலும் கிணற்றடியிலும் கிடக்கும். இன்ன இடத்துக்குப் போங்கள், அங்கே பாதுகாப்பு என்று இருக்கும். அப்படிப் போனவர்களில் பலரை நாங்கள் பிறகு காணவில்லை. மற்றப் பக்கம் இயக்கமும் ஆள் சேர்க்க மைக் கட்டிக் கூட்டம் வைத்தது. பேச்சு நன்றாகத்தான் இருக்கும், கேட்டுக்கொண்டிருக்கும்போது அழுகைகூட வரும். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தாய்மார் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்தாரும் எங்களுக்கு நிறையத் தகவல் தந்தார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நீ ஒரு சொல்லும் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டிருந்தாய். அடுத்த கிழமை திருத்திய பிரசுரம் வந்தபோது முதல் வரியே புதிதாக இருந்தது. இது போர் வருகிறது என்ற அறிவித்தல் அல்ல, இன்னும் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை, நீங்கள் எதையும் வாங்கி வைக்கத் தேவையில்லை என்று இருந்தது. மற்ற எந்த மொழிப் பிரசுரத்திலும் அந்த வரி இல்லையாம். அதைப் போடுவதற்கு நீ அலுவலகத்தில் எத்தனை பேரோடு கதைக்க வேண்டியிருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கேள்வி கேட்பது உன் பிறவிக் குணம். உன் ஆரம்பப் பள்ளியில் எங்களைக் கூப்பிட்டு உன்னைப் பற்றிக் கதைத்தபோது, அந்த வெள்ளைக்கார ரீச்சர், உங்கள் மகன் நிறையக் கேள்வி கேட்கிறான் என்றா. நான் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன், இனிக் கேட்கமாட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவ ஏன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தா என்று எனக்கு விளங்கவில்லை. காருக்குள் ஏறியதும் உன்னைத் திட்டத் தொடங்கியவள் வீடு வரும்வரை நிறுத்தவில்லை. நீ பின் சீட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வை அம்மா? ஏன்?" என்றாய். அப்பா காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். ரீச்சர் சொன்னது பாராட்டு என்று எனக்கு விளங்க வருடங்கள் பிடித்தன. நல்லவேளை, நீ அந்தத் திட்டைக் காதில் வாங்கவே இல்லை.

நகரத்தின் மற்ற மூலையில், பக்குரங்காவில் முதல் கூட்டம் வைத்த நாளுக்கு வருகிறேன். பிளாசாவுக்குப் பின்பக்கத்து மண்டபத்தில் எங்கள் மூத்தோர் குழு வழக்கமாகக் கூடும் நாளில்தான் நேரம் தந்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லோரும் மன்னார், யாழ்ப்பாணத்து ஆட்கள், உன்னைக் களிசான் போடாத வயதிலிருந்து தெரிந்தவர்கள். நீ மடிப்புக் குலையாத நீலச் சட்டையோடு முன்னுக்கு நின்றாய். சேர்ந்தால் இந்த நன்மை என்று சொல்கிறார்கள் என்றாய், பிறகு அதே குரலில், சேர்ந்தால் இந்தக் கெடுதி என்று சொல்கிறார்கள் என்றாய். எந்தப் பக்கம் உன் பக்கம் என்று கண்டுபிடிக்க நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெற்ற எனக்கே பிடிபடவில்லை. சண்டை வந்தால் எங்கள் பிள்ளைகளைக் கட்டாயமாக எடுப்பார்களா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். இப்போது அப்படி ஒரு திட்டமும் இல்லை, ஆனால் பிறகு வரக்கூடிய அரசாங்கம் என்ன செய்யும் என்று தெரியாது என்றாய். அரசாங்கத்தின் ஆள் ஒருவர் எழும்பி நின்று தெரியாது என்று சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். எனக்கு அது ஆலயத்தில் கேட்கும் பிரசங்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

தேநீரும் ரோல்ஸும் முடிந்த பிறகு தாளைக் கொடுத்தாய். சேரலாம், சேர வேண்டாம், இன்னும் முடிவு செய்யவில்லை என்று மூன்று பெட்டிகள். அடியில் பெயர் எழுத ஒரு கோடு, விரும்பினால் மட்டும் எழுதலாம் என்றாய். அந்தக் கோட்டை எல்லோரும் வெறுமையாக விட்டோம். எங்கள் ஊரில் பெயர் எழுதிக் கொடுத்த தாள் எந்த மேசைக்குப் போகும், அதை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மற்றபடி எல்லோரும் சந்தோசமாகச் சரி போட்டுக் கொடுத்தார்கள். நீ தாள்களைப் புரட்டப் புரட்ட உன் முகம் மாறியதை நான் கண்டேன். எல்லாம் சேரலாம், ஒன்றுகூட வேறு இல்லை. அலுவலகத்துக்கு அது பெரிய செய்தியாக இருந்திருக்கும். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் இருந்தது. பக்குரங்காவிலிருந்து மாசி வரை நீண்ட ஓட்டம் அல்லவா, மோட்டர்வே முழுக்க நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுத்தான் கேட்டாய். நான் என்ன போட்டேன் என்று கேட்கவில்லை, அது நீ கேட்கக்கூடாதது என்றாய். ஆனால் முடிவு செய்யவில்லை என்ற பெட்டியை ஏன் ஒருவர்கூடத் தொடவில்லை என்று கேட்டாய். உனக்கு இவ்வளவும் தெரியாதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நீ மேசையில் தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நேரம் செபமாலை அண்ணை தேநீர்க் கோப்பையோடு ஒவ்வொரு கதிரையாகப் போனதை நீ காணவில்லை. "பெடியன் எங்கட பெடியன். முதல் முதல் அரசாங்கத்தில பெரிய வேலை எடுத்திருக்கிறான். வேண்டாம் எண்டு போட்டா அவனுக்குத்தான் குறைவு" என்று எல்லோருக்கும் காதோடு காதாகச் சொல்லிவிட்டார். அதோடு, அரசாங்கம் கேட்டால் ஓம் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது என்ற பழைய பழக்கமும் இருந்தது. பயமும் பாசமும் சேர்ந்து போட்ட சரிகள் அவை. நான் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். இத்தனை பேர் உனக்காகச் செய்திருக்கிறார்களே என்று நீ நெகிழ்ந்துபோவாய் என்று நினைத்தேன்.

நீ ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "அம்மா, இது அவையின்ர ஆன்சர் இல்லை. எனக்குத் தந்த பிரெசன்ற். இதை நான் மேல அனுப்பேலாது" என்றாய். எனக்கு உன் வேலைதான் நினைவுக்கு வந்தது. உன்னுடையது ஒப்பந்த வேலை. அது நிரந்தரமாகுமா இல்லையா என்று முடிவெடுக்கும் கிழமைகள் அவை. அந்தத் தாள்களை அப்படியே கொடுத்திருந்தால் உன்னைத் தட்டிக்கொடுத்திருப்பார்கள், ஒருவருக்கும் எந்தச் சந்தேகமும் வந்திருக்காது. நீயோ வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலதிகாரிக்குப் போன் எடுத்தாய். கூட்டம் சரிவரவில்லை, அவர்கள் சொன்னது அவர்கள் எண்ணம் அல்ல, காரணம் நான்தான் என்று ஆங்கிலத்தில் சொல்வது எனக்குக் கேட்டது. காரணம் நான்தான் என்று ஏன் சொன்னாய் என்று பிறகு உன்னோடு சண்டை பிடித்தேன். அடுத்தவன் தலையில் போடத் தெரியாத பிள்ளையை வளர்த்துவிட்டேனே என்று அப்பாவிடம் புலம்பினேன். அப்பா கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வளர்த்தது நீர்தானே" என்றார்.

உன் மேலதிகாரி கோபிக்கவில்லை. நீண்ட நேரம் கேட்டுவிட்டு, இன்னொரு கூட்டம் வைக்கச் சொன்னாராம். அதையும் நான் மறக்கமாட்டேன். ஆனால் இரண்டாவது கூட்டத்துக்கு நீ செய்த ஏற்பாடு எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. முன்னுக்கு நின்று கதைக்கப் போவது நீ இல்லை, உன்னோடு வேலை செய்யும் கல்யாணி என்றாய். திருச்சிப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி, எங்கள் ஆட்களுக்கு அவ யாரென்றே தெரியாது. அதுதான் வேண்டும் என்றாய். உன் முகம் அங்கே நிற்கும்வரை அவர்களால் உன்னைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது என்றாய். நீ உழைத்து எழுதியதை வேறொருவர் வாயில் கொடுத்துவிட்டு நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். தேநீர் ஊற்றப் போவதாகச் சொன்னாய்.

அன்றைக்கு நடந்ததை இந்த மலரை வாசிக்கும் பாதிப் பேர் கண்ணால் கண்டிருக்கிறார்கள், ஆனாலும் எழுதுகிறேன். தொடங்க முதல் நீ முன்னுக்கு வந்து ஒரே ஒரு விசயம்தான் சொன்னாய். "நீங்கள் என்ன போட்டாலும் என்ர வேலைக்கு ஒண்டும் ஆகாது. எனக்கு உதவி செய்ய விருப்பம் எண்டா, நீங்கள் நினைக்கிறதைப் போடுங்கோ." சொல்லிவிட்டு மண்டபத்துக் குசினிக்குள் போய்விட்டாய். கல்யாணி எழும்பியதும் செபமாலை அண்ணை தன் வழக்கப்படி, எந்த ஊர், யாருடைய மகள் என்று விசாரித்தார். திருச்சியில் எந்தப் பக்கம் என்று கேட்டும் ஒரு சொந்தமும் பிடிக்க முடியவில்லை. யாருக்கு உதவி செய்வது என்று தெரியாமல் அவர் கதிரையில் சாய்ந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. "ஐயா, நீங்க என்ன வேணும்னாலும் பேசலாம். திட்டணும்னா திட்டவும் செய்யலாம், நான் எழுதிக்கிறேன்" என்றா அந்தப் பிள்ளை.

முதலில் செபமாலை அண்ணைதான் எழும்பினார். போன கூட்டத்தில் எல்லோரையும் சேரலாம் என்று போட வைத்த அதே மனிதர். "பிள்ளை, நல்ல இராணுவம் எது, கூடாத இராணுவம் எது எண்டு பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியாது. நான் கண்டதெல்லாம் ஒண்டுதான். இந்த நாடு ஒருத்தற்ற சண்டைக்கும் போகாம இருக்கிறதாலதான் நான் இஞ்ச நித்திரை கொள்ளுறன். வேண்டாம்" என்றார். அவர் உட்கார முதலே, ஞாயிறு தோறும் ஆலயத்தில் அவருக்குப் பக்கத்து வாங்கில் உட்காரும் ரோசலின் ரீச்சர் எழும்பிவிட்டா. "எங்களுக்கு அடி விழேக்க ஒருத்தரும் வரேல்ல. கூட்டாளி இல்லாத சனத்தின்ர நிலமை உங்களுக்கு மறந்து போச்சோ அண்ணை? இந்தச் சின்ன நாட்டுக்கும் அது வரக்கூடாது. சேரத்தான் வேணும்" என்றா. அதற்குப் பிறகு ஆளுக்காள் கதைக்கத் தொடங்கினார்கள். ஒரே ஊரிலிருந்து, ஒரே துன்பத்திலிருந்து வந்தவர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்திருந்தார்கள். இத்தனை வருடமாகக் கல்யாணத்திலும் செத்த வீட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறோம், ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறோம். நான் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ கேத்தலைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றாய். கோப்பைகள் வரிசையாக வெறுமையாக இருந்தன. ஊற்ற மறந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த நிமிசம் எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்வது. நீ பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

அப்பா நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, புத்தி சொல்லாமல் இது என்ன கடிதம் என்கிறார். சரி, சொல்கிறேன். வெலிங்டன் வீட்டில் ஹீற்றர் போடக் கஞ்சத்தனம் பார்க்காதே. கராஜில் இருக்கும் அரிசியில் கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறேன், காருக்குள் இடமில்லை என்று சாட்டுச் சொல்லாதே. வெலிங்டன் அலுவலகத்தில் இனி உனக்கு நிரந்தர வேலை, பெரிய மேசை. அங்கேயும் பாசத்திலும் பயத்திலும் உனக்கு ஓம் சொல்ல ஆட்கள் வருவார்கள். அப்போது உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அதை நான் சொல்லித் தரவில்லை. உன்னைப் பார்த்து நான்தான் படித்தேன். இந்த நாடு கடைசியில் சேருமோ சேராதோ, அது எங்கள் கையில் இல்லை. ஆனால் எங்களிடம் உண்மையாகக் கேட்டார்கள், நாங்கள் உண்மையாகச் சொன்னோம். தமிழ்க் கூட்டத்தில் எண்ணங்கள் பிரிந்திருந்தன என்றுதான் மேலே போன அறிக்கையில் இருக்கிறதாம். அதை வாசித்துக் காட்டியபோது செபமாலை அண்ணை, எங்களைப் பற்றி ஒரு அரசாங்கம் சரியாக எழுதியிருக்கிறது என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. கூட்டணி வேண்டும் என்கிறாயா வேண்டாம் என்கிறாயா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன், சிரித்தே சமாளித்துவிட்டாய். ஆகவே நான் இரண்டாம் முறை எந்தப் பெட்டியில் சரி போட்டேன் என்று நீயும் கேட்காதே, சொல்லமாட்டேன். அன்று கூட்டம் முடிய நீ தாள்கள் போட்ட அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாய், என் தாள் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது, நீ குனிந்து பார்க்கவில்லை, பிறகு தாள்களை எண்ணியதும் கல்யாணிதானாம். பார்த்திருந்தால் அடியில் இருந்த கோட்டைக் கண்டிருப்பாய். விரும்பினால் மட்டும் எழுதலாம் என்று நீங்கள் போட்ட அந்தக் கோட்டில் என் முழுப் பெயரையும் எழுதியிருந்தேன், அதற்குக் கீழே மாசி வீட்டு முகவரியையும். ஒரு அரசாங்கம் கேட்ட கேள்விக்குப் பெயர் போட்டு நான் பதில் எழுதியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, தம்பி.

அம்மா